முருங்கைக்குக் கிடைத்த தடையுத்தரவு

குற்றாலம் பேரருவியில் ஆண்கள் பக்கம் நான் நடந்து போனது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான்.

கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தேன். வெள்ளைப் புடவை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் கோர்ட் சேவகர் இசக்கிமுத்து அண்ணாச்சி, ஒரு பாலிதீன் பையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, வழுக்குப் பாறையில் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி நடந்தார். எனக்குப் பின்னால் பேச்சியம்மாள். எங்கள் மூன்று பேரில் வழுக்காமல் நடந்தவள் அவள் ஒருத்திதான்.

சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் முகத்தில் மாவு சலித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் எண்ணெய் பூசிய ஆண்கள். சிலர் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் பாறைமேல் குப்புறக் கிடந்தார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு மசாஜ்காரர் தட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் துண்டைத் தேடும் அவசரம் பாறை முழுக்கப் பரவியது.

"பொம்பளையாளுக்கு வழி அங்கன இருக்கு தாயி," என்றார் ஒருவர் மிகுந்த வருத்தத்தோடு.

இசக்கிமுத்து அண்ணாச்சி கோர்ட்டில் பெயர் கூப்பிடும் அதே குரலில் சொன்னார்: "கோர்ட் காரியம். எல்லாரும் கெடந்தபடியே கெடங்க."

பையில் இருந்தது ஒரு சம்மன். அதை வாங்க வேண்டியவர் முருகையா. அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர். பேச்சியம்மாளின் கணவர். இனி மனைவியின் வீட்டுப் பக்கம் அவர் வரக்கூடாது என்று கேட்டுப் போட்ட வழக்கு அது.

நாங்கள் எப்படி அந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்ல, இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

அரிவாள்களுக்கு நடுவில்

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். நான் தென்காசியில் ஜூனியர் வக்கீல். கோர்ட் வளாகத்தில் பெண் வக்கீல் என்று நான் ஒருத்திதான். அதனால் டீக்கடைக்காரர்கூட எனக்கு மட்டும் டம்ளரை இரண்டு முறை கழுவித் தருவார்.

என் சீனியர் சங்கரலிங்கம் அண்ணாச்சி சிவில் வழக்குகளில் கெட்டிக்காரர். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வாய்க்கால் தண்ணீர் என்று வந்தால் விடமாட்டார். ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் குழு ஒன்றைத் தொடங்கியபோது அவரைக் கேட்காமலே அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அவர் என்னைக் கேட்காமலே என் பெயரைச் சேர்த்துவிட்டார்.

சனிக்கிழமைதோறும் இலவச ஆலோசனை. அதற்கென்று கொடுத்த அறை, கிரிமினல் வழக்குகளில் பிடிபட்ட பொருள்களைப் போட்டுவைக்கும் அறையின் மிச்சம். அந்த அறை நிறைந்து வழிந்தது எல்லாம் எங்கள் அறைக்கு வந்தது. சுவரோரம் நம்பர் சீட்டுக் கட்டிய அரிவாள்கள், சீட் இல்லாத சைக்கிள்கள், சாராய ஊறல் வாசனை இன்னும் போகாத இரண்டு பானைகள். இவற்றுக்கு நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நான்.

அறை அப்படி இருந்ததில் ஒரு வசதியும் உண்டு. ஆலோசனை கேட்க வந்தவர்கள் யாரும் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

பேச்சியம்மாள் வந்தது அங்கேதான். ஊர், ஆய்க்குடி போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூர். முப்பது வயதிருக்கும். பீடி சுற்றுகிறவள். வலது கையில் கடைசி இரண்டு விரல்களையும் ஒரு மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் கட்டியிருந்தாள்.

"கையில என்ன?" என்று கேட்டேன்.

"கதவுல நசுங்கிட்டும்மா."

எழுதிக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து அவளே சொன்னாள்: "கதவ அவன் சாத்துனான்."

எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். அவள் அரிவாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போலீசில் சொன்னாளாம். குடும்ப விசயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். விவாகரத்து வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம். ஜீவனாம்சம்? வேண்டாம்.

"அவன் செயிலுக்குப் போவ வேண்டாம், சாவ வேண்டாம். வரப்படாது. அம்புட்டுதான். அதுக்கு ஒரு தாளு குடுப்பாவளாம்லா?"

"யார் சொன்னது?"

அவள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் ஒரு முருங்கை மரத்தால் சண்டை. தம்பி கோர்ட்டுக்குப் போய், அண்ணன் அந்த மரத்துப் பக்கம் வரக்கூடாது என்று தடையுத்தரவு வாங்கிவந்தான். அந்தக் காகிதத்தைக் காட்டியதும் அண்ணன் காய் பறிக்கும் துரட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதைத் தெருவே பார்த்திருக்கிறது.

"ஒரு முருங்க மரத்துக்குக் கோர்ட்டு காவல் நிக்கி. எனக்கு நிக்காதா?" என்றாள்.

சட்டப் புத்தகங்களில் முருங்கைக்கு வழி இருந்தது. அவளுக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை. இப்போது இதற்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. அப்போது அதெல்லாம் இல்லை.

வீட்டைக் காப்பாற்றுவது

சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"புருசன் பொண்டாட்டி கிட்ட வரக்கூடாதுன்னு எந்தச் செக்ஷன்ல கேப்ப? முன்சீப் என்னையப் பாத்துல்லா சிரிப்பாரு."

இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு பஸ்ஸில் வந்து போனேன். மூன்றாம் நாள், தென்காசி பஸ் நிலையத்தில் இறங்கும்போது, இத்தனை நாளும் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது புரிந்தது. அடுத்த சனிக்கிழமை பேச்சியம்மாள் வந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டேன்: "வீடு யார் பேர்ல இருக்கு?"

"எம் பேர்லதான். எங்கம்மை எழுதிவச்சது. தீர்வை ரசீது அடுக்குப்பானைக்குள்ள இருக்கு."

மனைவியை அடிக்கக்கூடாது என்று கேட்டால்தானே சிக்கல்? வீட்டுக்குச் சொந்தக்காரி, தன் வீட்டை நிம்மதியாக அனுபவிப்பதில் ஒருவர் இடையூறு செய்கிறார், அவர் உள்ளே நுழையக்கூடாது என்று கேட்டால் அது சாதாரண சிவில் வழக்கு. வீட்டைக் காப்பாற்றினால் வீட்டுக்குள் இருக்கிறவளும் சேர்ந்து காப்பாற்றப்பட்டுவிடுவாள். அந்தச் சட்டத்துக்கு முன்னால் அவள் ஒரு முருங்கை மரம்தான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

இதைக் கேட்டதும் சங்கரலிங்கம் அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஏ பிள்ள, இது வரப்புத் தகராறுல்லா," என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வரப்புத் தகராறு என்றால் அவருக்குப் பசி எடுக்காது.

ஏழை என்பதற்கு அத்தாட்சி

இலவச உதவி வேண்டுமென்றால் ஏழை என்று தாலுகா ஆபீசில் எழுதி வாங்க வேண்டும். அங்கிருந்த குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டு, "வீடு இருக்குங்கே. வீடு உள்ள ஆள ஏழைன்னு எப்படி எழுத?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். வழக்குக்கு வீடு இருக்க வேண்டும், உதவிக்கு வீடு இருக்கக்கூடாது. இரண்டுக்கும் பொருத்தமான வீட்டை எங்கே போய்த் தேடுவது?

சங்கரலிங்கம் அண்ணாச்சி அவரைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வீட்டைக் காட்டினார். குமாஸ்தா உயரமான மனிதர். உள்ளே போகும்போது வாசல் நிலை ஒரு முறை, வெளியே வரும்போது கூரைக் கம்பு ஒரு முறை இடித்தது. நெற்றியைத் தடவிக்கொண்டே, "ஏழைதான், ஏழைதான்," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோர்ட் கட்டணம் எதுவும் இல்லாமல் வழக்கு பதிவானது.

வழக்கை விசாரித்த நீதிபதியான முன்சீப் இளைஞர். வெளியூரிலிருந்து வந்தவர். அனாவசியமாகச் சிரிக்கமாட்டார். வழக்கைப் படித்துவிட்டு, எதிர்த்தரப்பைக் கேட்காமல் இடைக்காலத் தடை தரமுடியாது, முதலில் அவருக்குச் சம்மன் போகட்டும் என்றார்.

சம்மன் போனது. முருகையாவுக்கு என்று தனி முகவரி கிடையாது. சீசனில் குற்றாலத்தில் ஏதாவது மண்டபத்தில் படுத்துக்கொள்வார். தோன்றும்போது மனைவி வீட்டுக்கு வருவார். ஆள் அகப்படாவிட்டால், அவர் குடியிருக்கும் வீட்டுக் கதவில் ஒட்டலாம் என்று விதி இருக்கிறது. இசக்கிமுத்து அண்ணாச்சி விதிப்படி நடப்பவர். பேச்சியம்மாளின் வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த வாய்தாவில் முன்சீப் என்னைப் பார்த்தார். "பிரதிவாதி குடியிருக்கும் வீடு என்று சொல்லி வாதியின் வீட்டிலேயே ஒட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் அங்கேதானே குடியிருக்கிறார்? குடியிருப்பவரை எப்படி வரக்கூடாது என்பது?"

பின் வரிசையில் யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார்கள். நேரில் கொடுங்கள் என்று உத்தரவிட்டுப் பத்து நாள் தள்ளிவைத்தார்.

அந்தப் பத்து நாளில் முருகையா ஒருமுறை வந்து போனார். மறுநாள் பேச்சியம்மாள் இடது கண் வீங்கியபடி கோர்ட் வாசலில் நின்றாள். "தாளு எப்பம்மா வரும்?" என்று மட்டும் கேட்டாள். நான் இசக்கிமுத்து அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார். "வாங்க போவோம். ஆளக் காட்டுததுக்கு இந்தப் பிள்ளையும் வரணும்," என்றார்.

நான்கு முருகையாக்கள்

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாறைக்கு வந்தது.

அறுபது பேராவது இருந்திருப்பார்கள். "எல்லாப் பயலும் ஒண்ணுபோல பளபளன்னுல்லா இருக்கான். இதுல எவன் நம்மாளு?" என்றார் இசக்கிமுத்து அண்ணாச்சி. பிறகு உரக்க, "முருகையா," என்று கூப்பிட்டார்.

நான்கு பேர் திரும்பினார்கள்.

"கோர்ட் சம்மன்," என்றார்.

நான்கு பேரும் மறுபடி திரும்பிக்கொண்டார்கள்.

சாரலில் முகங்கள் சரியாகத் தெரியவில்லை. நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மயக்கம் வருகிறதோ என்று தோளைப் பிடித்தேன். அவள் தலையை மட்டும் லேசாக ஆட்டினாள். அருவி இரைச்சலுக்குள் முதுகுகளில் கை விழும் சத்தம், பட் பட்டென்று பல பக்கங்களிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

"அந்தா, மண்டபத்துத் தூணுக்கு அந்தப் பக்கம்," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "கை விழுத சத்தம் எனக்குத் தெரியும்மா."

அதுவரை நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். அதற்குப் பிறகு தூண் வரைக்கும் நடந்த அந்த இருபது முப்பது அடியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூணுக்குப் பின்னால் முருகையா இருந்தார். முரட்டு மீசையும் சிவந்த கண்ணுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். ஒல்லியான, சிரித்த முகமுள்ள மனிதர். கையில் பிடிபட்டவரிடம் ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்கம்மா," என்றுகூடச் சொன்னார். மனைவியைப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

"நான் வாங்க மாட்டேன். கையெல்லாம் எண்ண," என்றார்.

"வாங்க மாட்டேன்னா சொல்லு. ரெண்டு சாட்சி வச்சு எழுதிட்டுப் போறேன்," என்றார் இசக்கிமுத்து அண்ணாச்சி.

முருகையாவின் கைக்குக் கீழே கிடந்தவர் பாவூர்சத்திரம் வெங்காய வியாபாரி ஒருவர். நல்ல பருமன். அவர் தலையைத் தூக்கிச் சொன்னார்: "ஏலே முருகையா, வாங்கித் தொலையேன். எனக்கு ஒரு கால்தான் முடிஞ்சிருக்கு. இப்படியே எந்திச்சுப் போனா ஒரு பக்கமா சாஞ்சில்லா நடப்பேன்."

முருகையா அசையவில்லை. வியாபாரி பெருமூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்தார். "தாரும் வே, நான் சாட்சி போடுதேன்," என்று பேனாவை வாங்கினார். பக்கத்துப் பாறையிலிருந்த அவர் கணக்குப்பிள்ளையையும் கூப்பிட்டுப் போடச் சொன்னார். கையெழுத்துகளைவிட எண்ணெய் அதிகமாகப் பதிந்தது.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருப்பதில் முருகையாவுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கடைசியில் அவரே இரண்டு விரலால் சம்மனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். திரும்பி நடக்கும்போதுதான் பேச்சியம்மாள் என் கோட்டின் நுனியைப் பிடித்திருந்ததைக் கவனித்தேன்.

ஒரே கேள்வி

அடுத்த சனிக்கிழமை எங்கள் அறைக்கு ஒரு புதிய ஆள் வந்தார். முருகையா. அரிவாள்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"அவளுக்குச் சும்மா வக்கீல் வச்சுக் குடுத்திருக்கியளாம். எனக்கும் வேணும்லா. நானும் ஏழைதான்."

அதுவும் நியாயம்தான். குழுவிலிருந்த இன்னொரு இளம் வக்கீல் அவருக்காக நியமிக்கப்பட்டார். அவர் ராப்பகலாகப் படித்து, கணவனின் உரிமைகள் பற்றி ஒரு கட்டுக் குறிப்புகளோடு வந்தார்.

வழக்கு வந்த அன்று முன்சீப் முதலில் சாட்சிக் கையெழுத்து வாங்கிய சம்மன் நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபக்கம் அப்படியே தெரிந்தது. "இது என்ன?" என்றார்.

"நல்லெண்ண எசமான்," என்றார் இசக்கிமுத்து அண்ணாச்சி.

முன்சீப் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுவதற்குள் முருகையாவையே நேரடியாகக் கேட்டார்: "அந்த வீடு யாருடையது?"

"எம் பொண்டாட்டி வீடு அய்யா."

"உமக்கு அதில் பங்கு உண்டா?"

முருகையா அந்தக் கேள்வியில் இருந்த ஆபத்தைக் கவனிக்கவில்லை. "வீட்டுல எனக்கென்ன அய்யா பங்கு. அது அவ அம்மை குடுத்தது. வீடு அவ வீடு. அவதான் என் ஆளு."

"ஆளைப் பற்றி வழக்கு இல்லை. வீட்டைப் பற்றித்தான்," என்றார் முன்சீப்.

இளம் வக்கீல் குறிப்புக் கட்டை மெதுவாக மூடினார். இடைக்காலத் தடை கிடைத்தது. சங்கரலிங்கம் அண்ணாச்சி அன்று மத்தியானம் எனக்குத் தன் செலவில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அவருடைய வாழ்நாளில் அது மூன்று முறைதான் நடந்திருக்கிறது என்று அவருடைய குமாஸ்தா சொன்னார்.

முகவர் என்றால் யார்?

காகிதம் கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஐந்தாறு நாளில் முருகையா தெருவுக்கு வந்துவிட்டார்.

நான் நேரில் பார்க்கவில்லை. பேச்சியம்மாளும் அவள் தெருக்காரிகள் இரண்டு பேரும் மறுநாள் வந்து மூன்று விதமாகச் சொன்னதை ஒன்றாக்கித் தருகிறேன்.

சாயங்காலம். அவள் வீட்டு வாசல் வேப்பமர நிழலில் பதினொரு பெண்கள் மடியில் முறம் போன்ற சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாளும் அவர்களில் ஒருத்தி. முருகையா குடித்திருந்தார். தெரு முனையில் அவரைக் கண்டதும் பேச்சியம்மாளின் மடியிலிருந்த சுளகு சரிந்து புகையிலை தரையில் கொட்டியதாம். ஆனால் எழுந்து ஓடவில்லை. வீட்டுக்குள் போய் அந்தக் காகிதத்தை எடுத்துவந்து, எட்டாவது வரை படித்த லட்சுமியிடம் கொடுத்து, "வாசி," என்றிருக்கிறாள்.

லட்சுமி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "மேற்படி பிரதிவாதியோ, அவருடைய ஆட்களோ, முகவர்களோ..."

"முகவர்னா யாரு?" என்று முருகையா நடுவில் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கிழவி சொன்னாளாம்: "முகவர்னா மொவரைதான்லே. ஒம் மொவரைய இங்கன காட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

தெரு சிரித்தது. முருகையா சிரிக்கவில்லை. முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தார். பெண்கள் யாரும் எழவில்லை. ஆனால் பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள். இலை வெட்டும் கத்திரிகள் மட்டும் எல்லார் கையிலும் இருந்தன. அந்தக் குறுகிய தெருவில் பதினொரு சுளகு, பதினொரு ஜோடிக் கால். தாண்டிப் போக வழி இல்லை.

லட்சுமி விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். முத்திரை, தேதி, கையெழுத்து வரைக்கும் ஒன்று விடாமல் வாசித்து முடித்தாள். அதுவரை அவர் நின்றார். முடித்ததும் போய்விட்டார்.

மறுநாள் நாங்கள் அந்தக் காகிதத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். குடும்ப விசயம் என்று முன்பு சொன்ன அதே ஏட்டு, கோர்ட் முத்திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முருகையாவைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார். அதன்பிறகு இரண்டு முறை தெரு முனை வரை வந்து நின்றுவிட்டுப் போனாராம். அந்தச் சீசன் முடிந்ததும் செங்கோட்டை தாண்டிப் புனலூர்ப் பக்கம் தொழிலுக்குப் போய்விட்டார். அங்கே அவர் கைக்கு நல்ல பெயர் என்று கேள்விப்பட்டேன்.

உறுத்துக் கட்டளை

இறுதித் தீர்ப்பு வர இரண்டு வருடம் ஆனது. முருகையா வரவே இல்லை. தீர்ப்பு நகலை வாங்கப் பேச்சியம்மாள் வந்தாள். அந்த இரண்டு விரல்களும் முழுதாக மடங்காமலே கூடியிருந்தன. அதற்குத் தகுந்தபடி பீடி சுற்றப் பழகிக்கொண்டதாகச் சொன்னாள்.

தமிழில் எழுதிய தீர்ப்பு. "நிரந்தர உறுத்துக் கட்டளை வழங்கப்படுகிறது" என்று வாசித்தேன். தடையுத்தரவுக்குக் கோர்ட் தமிழ் அது.

"நிரந்தரம்னா எத்தன வருசம்?" என்று கேட்டாள்.

"வருசக் கணக்கு கிடையாது. என்னைக்கும்."

"என்னைக்குமா? அம்புட்டுல்லாம் எதுக்கும்மா. நான் கண்ண மூடுத வரைக்கும் போட்டாப் போதுமே."

சங்கரலிங்கம் அண்ணாச்சி மேசையிலிருந்து நிமிராமல் சொன்னார்: "குறைச்சுத் தரணும்னா அதுக்குத் தனியா ஒரு மனு போடணும். இன்னும் ஒரு ரெண்டு வருசம் ஆவும்."

பேச்சியம்மாள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் இதற்காக இன்னும் அலைய வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்பம் சரி, கெடந்துட்டுப் போவட்டும்," என்றாள் பெரிய மனதோடு. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஆய்க்குடி பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.